பின்கம்பியைத் தடிப்பாக்கத் துடிக்கும் தம்பிகளுக்கு

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் காரைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசையுள்ள தம்பிகளுக்கும், அவர்களுக்குச் சளைக்காமல் வண்டி ஓட்டும் தங்கைகளுக்கும்,



போன மாதம் மட்டும் உங்களில் நான்கு பேர் என் பட்டறைக்கு வந்தீர்கள். நால்வரும் கேட்டது ஒன்றைத்தான்: "பின்னாடி தடிப்பா ஒரு ஆன்டி ரோல் பார் போட்டுக் குடுங்கண்ணா." ஒரு தம்பி கம்பியையே கையோடு கொண்டுவந்திருந்தார். சாக்கில் சுற்றி, கரும்புக் கட்டு மாதிரி தோளில் வைத்திருந்தார். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். "இருபத்தஞ்சுங்ண்ணா." வண்டியில் இப்போது இருப்பது எவ்வளவு? தெரியாது. எதில் மாட்டப் போகிறீர்கள்? "பழசு இருக்கிற எடத்துலதானுங்ண்ணா."

நால்வருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்தவர் என்னிடம் வரமாட்டார், வேறு பட்டறைக்குப் போவார், அங்கே ஒரு மணி நேரத்தில் மாட்டியும் கொடுத்துவிடுவார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி ஓய்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போடவே போடாதீர்கள் என்று உபதேசம் பண்ண வரவில்லை. நானும் போட்டவன்தான். ரேஸ் வண்டிகளுக்குக் கீழே படுத்தே பாதி வயசைக் கழித்தவன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டிய கரிவர்தன் பிறந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த பையனிடம் வண்டியில் கை வைக்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறான்? அதனால் கை வைக்கும் விதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேட்லாக்கில் அதன் பெயர் ஆன்டி ரோல் பார். பட்டறையில் ஸ்டெபிலைசர் ராடு என்போம். இங்கே சுருக்கமாகக் கம்பி என்கிறேன். 'ப' என்ற எழுத்தைப் படுக்க வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் அதன் உருவம். நடுவில் உள்ள நீளமான பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் உட்கார்ந்து, பட்டா போட்டு வண்டியின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு கைகளும் ஆளுக்கொரு லிங்க் ராடு வழியாக இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் பிடித்திருக்கும். ரோட்டை அடைத்துப் போட்ட வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பிக்கு வேலையே இல்லை. புஷ்ஷுக்குள் சும்மா உருண்டு கொடுக்கும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான் முறுகும். முறுகியதை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் வண்டி சாய்வதைக் குறைக்கிறது.

இதுவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்த படியில்தான் சறுக்குகிறீர்கள். சாய்வு குறைந்தால் பிடி கூடும் என்று நினைக்கிறீர்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,200 கிலோ வண்டி. அதன் எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.48 மீட்டர். புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும்படி ஒரு வளைவில் திருப்புகிறீர்கள். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 312 கிலோ பாரம் மாறும். நீங்கள் உலக்கை தடிமனில் கம்பி போட்டாலும் இந்த 312 பெரிதாக மாறாது. அது எடை, உயரம், அகலம், வேகம் ஆகியவற்றின் கணக்கு. அந்த 312இல் முன் சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது, பின் சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது என்ற பங்கீடு மட்டுமே கம்பியின் கையில் இருக்கிறது. பின்னால் தடிப்பாக்கினால் பின் ஜோடி அதிகப் பங்கை ஏற்கும், முன் ஜோடிக்குச் சுமை குறையும்.

அதிகப் பங்கை ஏற்பவருக்கு என்ன நடக்கும்? உக்கடம் மண்டியில் சுமை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேருக்கு ஆளுக்கு ஐம்பது கிலோ கொடுத்தால் நாள் முழுக்க நடப்பார்கள். ஒருவருக்குத் தொண்ணூறும் மற்றவருக்குப் பத்தும் கொடுங்கள். மொத்தம் அதேதான், ஆனால் மத்தியானத்துக்குள் வேலை படுத்துவிடும். டயரும் அப்படித்தான். பாரம் இரட்டிப்பானால் பிடியும் கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. ஆகவே ஒரு ஜோடியில் பாரம் எவ்வளவுக்கு ஒரு பக்கமாகக் குவிகிறதோ, அந்த ஜோடியின் மொத்தப் பிடி அவ்வளவுக்குக் குறையும். பின்னால் தடித்த கம்பி போடுவது என்றால் பின் சக்கரங்களின் பிடியைக் கொஞ்சம் பிடுங்குவது என்று பொருள். தெரிந்தே செய்கிறோம். ஏன் செய்கிறோம் என்றால், முன் சக்கரம் இழுக்கும் நம் கார்களுக்கு மூக்கில்தான் எடை. வளைவில் வேகமாகப் போனால் மூக்கு வெளியே ஓடும், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் உள்ளே வராது. பின்பிடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முன்னும் பின்னும் ஒரு சமநிலைக்கு வரும். மூக்கு உள்ளே நுழையும், உள்பக்க முன்சக்கரம் வெட்டியாகச் சுற்றுவதும் குறையும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். பழைய கோல்ஃப் ஜிடிஐ, பெஜோ 205 ஜிடிஐ படங்களைத் தேடிப் பாருங்கள். விளக்குக் கம்பத்தைக் கண்ட நாய் போலக் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பும். பார்க்க அழகுதான். ஆனால் சக்கரம் எழும்பிய பிறகு அந்தக் கம்பிக்கு மாற்றுவதற்குப் பாரமே இல்லை. அதற்கு மேல் வருவதெல்லாம் மறுபடி முன்பக்கம்தான் போகும். அந்த எல்லையைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் கூட்டினாலும் அது வெறும் இரும்புச் செலவு.

இனி மில்லிமீட்டர் விஷயம். சாக்குத் தம்பி இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். 14 மி.மீ. கம்பியை 16 ஆக்கினால் விறைப்பு 1.7 மடங்கு. 18 ஆக்கினால் 2.7. 20 ஆக்கினால் 4.2. தம்பி கொண்டுவந்த 25ஐ அதே 14 இருந்த இடத்தில் போட்டால் பத்து மடங்கு. பதினொரு மில்லிமீட்டர்தானே என்று கண் சொல்லும். கண்ணை நம்பாதீர்கள், வெர்னியரை வைத்து அளந்து கணக்குப் போடுங்கள். அளக்கும்போது பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிழைகூட இந்தக் கணக்கில் பெரிசாகக் காட்டும்.

கையின் நீளத்துக்கும் பங்கு உண்டு. நீளம் குறைந்தால் அதன் இருமடிக்கு ஏற்ப விறைப்பு கூடும். 200 மி.மீ. கையில் லிங்க் மாட்டும் ஓட்டையை 180க்கு நகர்த்தினால் விறைப்பு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிடும். இரண்டு மூன்று ஓட்டைகளோடு வரும் கம்பிகளின் சூட்சுமம் அதுதான். எடை கூடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்குக் குழாய்க் கம்பி இருக்கிறது. வெளிவிட்டம் 22, உள்விட்டம் 16 உள்ள குழாய், 20 மி.மீ. கெட்டிக் கம்பியைவிடச் சற்று அதிக விறைப்பைத் தரும். எடையோ பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

லேத் ஊர் என்பதால் இன்னொரு வியாபாரமும் இங்கே நடக்கிறது. "எங்களது ஸ்பிரிங் ஸ்டீல், அதனால் விறைப்பு அதிகம்" என்று விற்கிறார்கள். அது தவறு. மலிவான இஎன்8 கம்பிக்கும் விலை உயர்ந்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பிக்கும் ஒரே விட்டத்தில் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. எல்லா எஃகும் அந்தக் குணத்தில் அண்ணன் தம்பிதான். வித்தியாசம் எங்கே என்றால், ஸ்பிரிங் ஸ்டீல் நன்றாக முறுகினாலும் பழைய நிலைக்குத் திரும்பும், லட்சம் முறை முறுகினாலும் தாங்கும். இஎன்8 ஒரு கட்டத்தில் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடும், அல்லது வளைவில் வெடிக்கும். அதேபோல, ஸ்பிரிங் ஸ்டீலையே வாங்கி, உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, அப்படியே ஆறவிட்டால் நீங்கள் கொடுத்த காசு காற்றில் போனது. வளைத்த பிறகு மறுபடி பதம் பிடிக்க வேண்டும். எண்ணெயில் குளிர்விப்பதும் பிறகு காய்ச்சியதைவிடக் குறைந்த சூட்டில் பதப்படுத்துவதும் இரண்டு வேறு வேலைகள். இரண்டும் நடந்ததா என்று கேளுங்கள். கம்பியின் மேல் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்காதீர்கள். பளபளப்புக்காகக் குரோம் முலாமும் வேண்டாம். கடினப்படுத்திய எஃகுக்குள் முலாம் தொட்டியின் ஹைட்ரஜன் புகுந்தால் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

சரி, கம்பி நல்ல கம்பி என்றே வைத்துக்கொள்வோம். அதை எதில் மாட்டுகிறீர்கள்?

2007இல் என்னிடம் ஒரு ஜப்பானிய செடான் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு வண்டியின் மேல் இல்லை. பின்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன். 14 மி.மீ. கம்பி. நான் 20 மி.மீ. அடித்துப் போட்டேன். பதம் பிடித்தேன், புஷ் வார்த்தேன், எல்லாம் என் கையாலேயே. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆழியாறில் ஏறி வால்பாறைக்குப் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். லோம்ஸ் காட்சிமுனை இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு வருவதற்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை மூக்கை நீட்டி முரண்டு பிடித்த வண்டி, நினைத்த இடத்தில் திரும்பியது. அட்டகட்டியில் டீக்கடையில் இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி.

மூன்று மாதம் கழித்துப் பின்னாலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. லிங்க் ராடு போயிருக்கும் என்று ஜாக்கி போட்டுப் பார்த்தேன். லிங்க் நன்றாக இருந்தது. கம்பியும் நன்றாக இருந்தது. வலது பட்டாவின் போல்ட்டுகள்கூட இறுக்கமாகவே இருந்தன. ஆனால் பட்டா அந்தரத்தில் தொங்கியது. பிஸ்கட் அளவுத் தகடு அதனோடு ஒட்டிக்கொண்டே பிய்ந்து வந்திருந்தது. போஸ்டரைக் கிழித்தால் சுவர்க் காரையும் சேர்ந்து வருமே, அப்படி. தகட்டின் ஓரம் பாதி துருப்பிடித்தும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. அப்படியென்றால் ஒரே நாளில் கிழிந்ததில்லை. வெடிப்பு முதல் மாதமே ஆரம்பித்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கிறது. நான் அட்டகட்டியில் டீ குடித்துக்கொண்டு நின்றபோதே அது ஆரம்பித்திருக்கக் கூடும்.

அதற்கப்புறம்தான் போட வேண்டிய கணக்கைப் போட்டேன். முதலில் போட்டிருக்க வேண்டியது. கம்பியின் நேர்ப்பகுதி ஒரு மீட்டர், கை 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரப் பக்கம் கையின் நுனி 30 மி.மீ. ஏறி, மறுபக்கம் 30 இறங்குகிறது. கை வளைவதைக் கணக்கில் விட்டுவிட்டால், 14 மி.மீ. கம்பி தன் நுனியில் சுமார் 46 கிலோ விசையோடு எதிர்க்கும். 20 மி.மீ. கம்பி 190 கிலோவோடு எதிர்க்கும். பட்டாவுக்கு வரும் இழுப்பு அதையும்விட அதிகம். ஏனென்றால் இரண்டு பட்டாக்களும் லிங்குகளைவிட உள்ளே தள்ளி, நெருக்கமாக இருக்கின்றன. லிங்குகளுக்கு இடையே 1,200 மி.மீ., பட்டாக்களுக்கு இடையே 900 என்றால், 190 என்பது பட்டாவில் 253 கிலோவாகும். முன்பு அங்கே வந்தது 61. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு, அறுபது கிலோவை நம்பி வடிவமைத்த இடம். அதில் ஒரு மூட்டைக்குப் பதில் நான்கு மூட்டை தொங்கவிட்டேன். அதுவும் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே, நாற்பது வளைவுக்கும் மாற்றி மாற்றி.

நான் மட்டும் செய்த முட்டாள்தனமும் இல்லை இது. 1990களின் ஹோண்டா சிவிக் கார்களை அமெரிக்காவில் இப்படி மாற்றியவர்கள் ஏராளம். அந்தத் தலைமுறைச் சிவிக்கில் சில வகைகளுக்குப் பின்கம்பியே கிடையாது, சிலவற்றில் 13 மி.மீ. இருந்தது. இன்டெக்ரா டைப் ஆரில் வந்த 22 மி.மீ. கம்பி கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும் என்பதால் வாங்கி மாட்டினார்கள். பதின்மூன்றிலிருந்து இருபத்திரண்டு என்றால் எட்டு மடங்குக்கு மேல். பலருக்கும் பின்பக்கத் தகடு கம்பி மாட்டும் இடத்தில் கிழிந்தது. பிறகு அந்த இடத்துக்கென்றே தனியாகத் தாங்குதகடு செய்து விற்கும் வியாபாரமே வளர்ந்தது. இன்று விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தாங்குதகடு இல்லாமல் அந்தக் கம்பியைத் தொடமாட்டார்கள்.

ஆகவே பின்பக்கத்தை மாற்றுகிறேன் என்று வந்தால், முதல் வேலை கம்பி அல்ல, அது உட்காரும் இடம். வண்டியை ராம்ப்பில் ஏற்றிப் பழைய பட்டா எதில் இருக்கிறது என்று பாருங்கள். தடித்த கிராஸ்மெம்பரில் இருந்தால் பிழைத்தீர்கள். வெறும் தரைத்தகட்டில் இருந்தால் பலப்படுத்தாமல் தொடாதீர்கள். 3 மி.மீ. தகட்டில், பட்டாவைவிட மூன்று நான்கு மடங்கு பரப்பில் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை உருட்டி, பாரம் பரவும்படி வைக்க வேண்டும். கூர்மூலை விட்டால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். பற்றவைக்கும்போது சுற்றிலும் ஒரே கோடாக இழுக்காமல் விட்டுவிட்டு வையுங்கள். மெல்லிய தகடு, சூட்டில் நெளிந்துவிடும். பெட்டி போன்ற பகுதியில் போல்ட் இறங்கினால் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்தே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், இறுக்கம் நிற்காது. முடிந்ததும் துத்தநாகப் பிரைமர் அடியுங்கள்.

இன்னொன்று, இதைச் சத்தம் போட்டே சொல்கிறேன். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியில், நீங்கள் வெல்டிங் வைக்கப் போகும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால்தான் இருக்கிறது. ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு வைப்பேன் என்று சொல்லும் ஆளிடமிருந்து வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். டேங்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பேட்டரியையும் கழற்ற வேண்டும்.

அடுத்து புஷ். கம்பி 2 மி.மீ. தடித்தால் பழைய புஷ்ஷுக்குள் அமுக்கித் திணித்துவிடுகிறார்கள். அது கம்பியை உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கணக்குப் போட்ட விறைப்புக்கு மேல் கணக்கில் வராத ஒரு விறைப்பு சேரும். கம்பியின் விட்டத்துக்குத் துளைத்த புஷ்தான் வேண்டும், அதற்கேற்ற பட்டாவும். பாலியூரித்தேன் என்றால் சிலிக்கான் கிரீஸ். ரப்பர் புஷ்ஷில் சாதா கிரீஸைத் தடவினால் ஊறி உப்பிப்போகும். கம்பி பக்கவாட்டில் நகராமல் புஷ்ஷுக்கு உள்பக்கம் இரண்டு வளையம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கை டயரின் உள்சுவரைத் தேய்க்கும்.

லிங்க் ராடு மாட்டுவதில்தான் நல்ல மெக்கானிக் யார் என்று தெரியும். வண்டி ராம்ப்பில் தொங்கும்போது எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு இறக்குகிறவர்கள் அதிகம். வண்டி தன் நான்கு காலில், சமதரையில், ஓட்டுநர் சீட்டில் ஓர் ஆளோ அந்த எடையோ இருக்கும்போது இறுக்க வேண்டும். ஒரு பக்க லிங்க்கை மாட்டுங்கள். மறுபக்க போல்ட் விரலால் தள்ளினாலே ஓட்டைக்குள் போக வேண்டும். சுத்தியால் தட்டித்தான் போகிறது என்றால் கம்பி நிற்கும்போதே முறுகியிருக்கிறது. அந்த வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் திரும்பும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்கச் சொல்வது அதற்காகத்தான். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் கடைசிவரை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்ஸர் குழாய் எதையும் எந்த நிலையிலும் கம்பி தொடக்கூடாது. அரை நாள் ஆகும். ஆகட்டும்.

இவ்வளவும் பின்னால் தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு. உங்களில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கும் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எல்லாம் வேறு சாதி. பின்னால் இரண்டு கைகளை ஒரு குறுக்கு பீம் இணைக்கும். அந்த பீமே முறுகிக் கொடுத்துக் கம்பியின் வேலையையும் பார்க்கிறது. அதைத் தடிப்பாக்குவது என்றால் இரண்டு கைகளுக்கும் இடையே கூடுதலாக ஒரு கம்பியைப் போல்ட் போட்டு மாட்டுவதுதான். உடல் தகட்டுக்குப் பாரம் வராது என்பது ஒரு சௌகரியம். ஆனால் பீமின் மேல் தகடு வைத்துப் பற்றவைக்கும் வித்தையைச் சிலர் காட்டுகிறார்கள். அது முறுகுவதற்கென்றே செய்த பொருள். ஓர் இடத்தை விறைப்பாக்கினால் முறுக்கம் முழுவதும் பக்கத்து இடத்தில் போய்க் குவியும். பீம் உடைந்தால் பின் சக்கரங்கள் இரண்டும் போகும். அதைச் செய்து தரும்படி என்னிடம் கேட்காதீர்கள்.

இனி ரோடு. தடித்த கம்பி இரண்டு சக்கரங்களையும் கயிறு போட்டுக் கட்டிய மாதிரி. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்ததற்கும் அடி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய நம் தெருக்களில் வண்டி தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே போகும். வீட்டில் அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிப் போனால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பழைய ஷாக் அப்சார்பர் புதிய விறைப்பை அடக்கவும் திணறும்.

மழைதான் எனக்கு உண்மையான பயம். தகடு கிழிவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆவணி மழையில், வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே அரசுப் பேருந்து. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். எடை முன்னால் போனது, ஏற்கெனவே நான் பிடுங்கியது போக மிச்சமிருந்த பின்பிடியும் போனது, வால் வீசியது. முட்டுச்சுவருக்கும் எனக்கும் ஒரு பாய் விரிக்கும் இடம் இருந்தது. பஸ் டிரைவர் கண்ணாடியை இறக்கி ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூக்கு வெளியே ஓடினால் எந்த ஓட்டுநரும் பயந்து காலை எடுப்பார், வண்டி மெல்ல உள்ளே வரும். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான். வால் வீசும் வண்டியில் காலை எடுத்தால் இன்னும் வீசும். பந்தயத் தடத்தில் மழை வந்தால் பின்கம்பியைத் தளர்த்துவார்கள், சில அணிகள் லிங்க்கையே கழற்றிவிடும். ரேஸ் ஓட்டுகிறவனே மழையில் வேண்டாம் என்று கழற்றி வைப்பதை, நீங்கள் தென்மேற்குப் பருவமழையில் சின்னக்கல்லாறு பக்கம் கொண்டுபோகிறீர்கள். தமிழகத்திலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று அது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தடத்துக்கென்று ஒரு வண்டி, ரோட்டுக்கென்று ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள்.

முடியாதவர்கள், இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை அடங்காதவர்கள், வாருங்கள். ஆனால் வருவதற்கு முன் சில வேலைகள். டயர் எத்தனை வருடம் பழசு என்று பாருங்கள். காற்றுச் சரியாக இருக்கிறதா, பழைய லிங்க்கும் புஷ்ஷும் ஆடாமல் இருக்கிறதா, அலைன்மென்ட் பார்த்து எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வியாதி தீர்ந்துவிடுகிறது. தேய்ந்த 14 மி.மீ. புஷ்ஷை மாற்றிவிட்டு, "அண்ணா, புதுக் கம்பி மாதிரி இருக்குதுங்ண்ணா" என்று போன் பண்ணியவர்கள் உண்டு. அதற்கும் தீராவிட்டால் ஒரே ஒரு படி ஏறலாம். 14 என்றால் 16, மிஞ்சினால் 18, இரண்டு ஓட்டையோடு. முதலில் மெத்தான ஓட்டையில் ஒரு மாதம் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை பட்டாவின் சுற்றுப்புறத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

சாக்குத் தம்பி, உங்கள் 25 மி.மீ. கம்பி இன்னும் என் பட்டறை மூலையில்தான் சாய்ந்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கடைக்காரரிடம் கொடுத்து 16க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வரும்போது வண்டியோடு வாருங்கள், கம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கழற்றும் பழைய கம்பியைக் காயலான் கடையில் போட்டுவிட வேண்டாம். துணி சுற்றி வீட்டில் வையுங்கள். ஜூன் மாதம் அதைத் திருப்பி மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம்.